பெயர் கேட்காத வாசல்

குழந்தையும் சட்டமும் – வரலாற்றுத் தொடர்: 14

சென்ற வாரம் 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டத்தில் நிறுத்தியிருந்தோம். சிறாருக்கென்று இந்திய மாகாணம் ஒன்று கொண்டுவந்த முதல் சட்டம் அது. ஆதரவில்லாமல் திரியும் பிள்ளைகளைப் பற்றியும் குற்றத்தில் சிக்கிய சிறுவர்களைப் பற்றியும் பேசியது. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத சிசுவைக் கையில் ஏந்தி, ‘என்னால் வளர்க்க முடியாது, வெளியே தெரியாமல் யாராவது வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று நிற்கும் தாய்க்கு அதில் பதில் இல்லை. அந்தப் பதில் நம் சட்டப் புத்தகத்துக்குள் வந்து சேர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அந்த நூற்றாண்டின் கதை இது.

கதையைக் கந்தர்வக்கோட்டையில் தொடங்கக் காரணம் உண்டு. இன்று அது புதுக்கோட்டை மாவட்டத்தின் வட்டத் தலைநகர். தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் பேருந்தில் போகிறவர்கள் அந்த ஊரைத் தாண்டித்தான் ஆதனக்கோட்டையின் வறுத்த முந்திரிக்கு வந்து சேர்வார்கள். ஆனால் 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் பிறக்கும்வரை கந்தர்வக்கோட்டை தஞ்சாவூர்க்காரர்களின் ஊர். பிரிட்டிஷ் காலத்தில் தஞ்சை மாவட்டத்து ஜமீன்களில் ஒன்று. தெற்கே கொஞ்சம் நடந்தால் புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானம் வந்துவிடும். 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும்வரை சமஸ்தானத்துக்குத் தனி அரசர், தனி நீதிமன்றம். கந்தர்வக்கோட்டைக்கோ 1862 ஜனவரி 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் நேரடியாகச் செல்லுபடியானது.

அந்தச் சட்டத்தில் பச்சிளம் குழந்தையைத் தொடுகிற பிரிவுகள் இரண்டு அடுத்தடுத்து வரும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை முழுவதுமாகக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுச் செல்லும் பெற்றோருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்றது 317ஆம் பிரிவு. இறந்த சிசுவை ரகசியமாகப் புதைத்தோ வீசியோ பிறப்பை மறைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்றது 318. எதைச் செய்யக் கூடாது என்பது தெளிவாக இருந்தது. வேறு என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. வாசல் எதுவும் திறக்காமல் சுவரை மட்டும் எழுப்பிய சட்டம் அது.

சட்டம் வந்த மறு ஆண்டே பூனாவில் அந்தச் சுவரில் ஒரு பெண் மோதினார். அவர் பிராமண விதவை. ஜோதிராவ் பூலேயின் நண்பர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். ஒருவனின் ஆசை வார்த்தையில் கர்ப்பமானார். கலைக்க முயன்று முடியாமல் போயிற்று. குழந்தை பிறந்ததும் கொன்று கிணற்றில் போட்டார். வழக்கு நடந்து அந்தமானுக்கு ஆயுள் முழுவதும் நாடு கடத்தும் தண்டனை கிடைத்தது. கர்ப்பத்துக்குக் காரணமானவனைச் சட்டம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பூலேயும் சாவித்திரிபாயும் அந்த 1863ஆம் ஆண்டிலேயே தங்கள் வீட்டில் ஒரு பிரசவ இல்லத்தைத் தொடங்கினார்கள். சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் என்பது அதன் பெயர். தொடங்கியதோடு நிற்காமல் ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். விதவைகள் இங்கே வந்து பாதுகாப்பாகவும் யாருக்கும் தெரியாமலும் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். குழந்தையை இங்கேயே விட்டுப் போகலாம், எடுத்தும் போகலாம், முடிவு உங்களுடையது என்பதுதான் அதன் சாரம். இன்றைக்கு உலக நாடுகள் ‘பாதுகாப்பான ஒப்படைப்பு’ என்ற பெயரில் எழுதிவைத்திருக்கும் சட்டங்களை எல்லாம் வடிகட்டினால் இந்தச் சுவரொட்டியில் இருந்தவையே மிஞ்சும். பயமில்லாமல் பெறலாம், பெயர் வெளியே போகாது, மனம் மாறினால் குழந்தையைக் கேட்கலாம்.

1884இல் எழுதிய குறிப்பு ஒன்றில் பூலே அந்த இல்லத்தின் கணக்கைச் சொல்கிறார். அதுவரை 35 விதவைகள் வந்து பிரசவித்திருந்தார்கள். உயிரோடு இருந்த குழந்தைகள் ஐந்து. மற்ற முப்பதும், கர்ப்பத்தை மறைக்கத் தாய்மார் விழுங்கிய விஷ மருந்துகளால் கருவிலேயே சேதமடைந்து இறந்தவை என்கிறார். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வாசலைத் திறந்துவைப்பது பாதி வேலைதான். அந்த வாசல் இருப்பது கர்ப்பத்தின் ஒன்பதாம் மாதத்தில் அல்லாமல் மூன்றாம் மாதத்திலேயே அந்தப் பெண்ணின் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். 1874இல் அந்த இல்லத்தில் ஒரு பிராமண விதவைக்குப் பிறந்த யஷ்வந்தைப் பூலே தம்பதி தத்தெடுத்து மருத்துவராக்கினார்கள்.

ஐரோப்பா இதே கேள்விக்கு வேறு விடை கண்டிருந்தது. ரோமில் சாந்தோ ஸ்பிரித்தோ மருத்துவமனையின் சுவரில் ஒரு சுழல் தொட்டில். தெருப் பக்கம் நின்று குழந்தையை வைத்துச் சுழற்றினால் அது உள்ளே போய்விடும். வைத்தவர் முகம் யாருக்கும் தெரியாது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் போப் மூன்றாம் இன்னொசென்ட் காலத்தில் தொடங்கியது என்பது மரபு. 1811இல் நெப்போலியன் இதையே அரசாணையாக்கி பிரான்ஸ் முழுவதும் வைக்கச் சொன்னார். லண்டனில் தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர் முயன்று நிறுவிய இல்லம் 1741இல் குழந்தைகளை ஏற்கத் தொடங்கியது. 1756 முதல் 1760 வரை நாடாளுமன்றம் பணம் கொடுத்து, வருகிற குழந்தை எதையும் மறுக்கக் கூடாது என்றது. ஏறக்குறைய 15,000 குழந்தைகள் வந்து குவிந்தன. மூன்றில் இரண்டு பங்கு பிழைக்கவில்லை. வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. பால் கொடுக்கச் செவிலித்தாய்மார் போதவில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே, அந்தத் தொண்டைமான் சமஸ்தானத்தில், 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்களே படிக்காத மன்னர் கல்லூரியில் அரசரின் அனுமதியோடு படித்து, மருத்துவராகி, 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். 1930இல் அவர் தொடங்கிய அவ்வை இல்லம் போக்கிடமற்ற பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் கதவைத் திறந்தது. அவருக்கு முன்பே, 1901இல், திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் பெண் குழந்தைகளை வாங்கி வளர்க்கத் தொடங்கியிருந்தார். இவை எல்லாம் தனி மனிதர்களின் கருணையில் நின்றவை. இல்லத்தின் படியேறும் தாயை நாளைக்குப் போலீஸ் தேடி வராது என்று உறுதி சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

அந்த உறுதியின் முதல் இழை 1984 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் கிடைத்தது. இந்தியக் குழந்தைகள் தத்து என்ற பெயரில் வெளிநாடுகளுக்குப் போகும் விதத்தைப் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். கடிதத்தையே மனுவாக ஏற்று நீதிபதி பி.என். பகவதி நீண்ட தீர்ப்பு எழுதினார். வெளிநாட்டுத் தத்துக்கு விதிகள் வகுத்த தீர்ப்பு என்றே அது பேசப்படுகிறது. நம் கதைக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் இன்னொன்று. குழந்தையைத் தர முடிவெடுத்த பெற்றோரை அவசரப்படுத்தக் கூடாது, அவர்கள் மறுபடி யோசிக்க மூன்று மாத அளவுக்கு அவகாசம் தர வேண்டும் என்றது. பிள்ளையைக் கொடுக்க வந்தவளைக் குற்றவாளி என்று பார்க்காமல் முடிவெடுக்கும் உரிமையுள்ள மனுஷியாகப் பார்த்த தீர்ப்பு அது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1986 ஜூனில், ‘இந்தியா டுடே’ உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. கள்ளிப்பால் என்ற சொல் அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் வேறு பொருள் கொண்டுவிட்டது. பூனாவின் விதவைக்கு ஊர் வாய்தான் பயம். உசிலம்பட்டியிலும் சேலத்திலும் கொன்றவர்கள் கல்யாணமானவர்கள், கணவனும் மாமியாரும் உள்ள வீட்டுக்காரர்கள். அவர்களுக்குப் பயம் வரதட்சணை. முதல் பெண்ணைப் பொறுத்துக்கொண்ட வீடு இரண்டாவதையோ மூன்றாவதையோ பொறுத்துக்கொள்ளவில்லை. 1991 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 849 மட்டுமே.

1992இல் ஜெயலலிதா அரசு அந்தச் சேலத்தில்தான் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றில் தொட்டில் வைக்கப்பட்டது. ‘கொல்லாதே, எங்களிடம் கொடுத்துவிடு’ என்று ஓர் அரசாங்கமே தாயிடம் பேசியது இந்தியாவில் புதிது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும், 2011இல் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. பெண் குழந்தை வேண்டாம் என்ற மனப்பான்மைக்கு அரசே தொட்டில் கட்டித் தருகிறது என்று பெண்கள் அமைப்புகள் கண்டித்தன. அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. தொட்டில் வரதட்சணையை ஒழிக்காது, ஒழிக்கவும் இல்லை. ஆனால் பிறந்த அன்றைக்கு உயிர் பிழைக்க வேண்டிய குழந்தையால் சமூகம் திருந்தும்வரை காத்திருக்க முடியாது. இரண்டு வாதமும் ஒரே வேளையில் உண்மையாக இருக்க முடியும் என்பதற்குச் சேலம் சாட்சி.

கேரளம் 2002இல் திருவனந்தபுரத்தில் ‘அம்மத்தொட்டில்’ அமைத்தது. பாகிஸ்தானில் அப்துல் சத்தார் எதி தம் அறக்கட்டளை மையங்களுக்கு வெளியே பல்லாண்டு காலமாகத் தொட்டில் வைத்திருந்தார்.

தமிழ்நாட்டில் தொட்டில் திட்டம் விரிந்த மாவட்டங்களின் பட்டியலில் புதுக்கோட்டை வரவில்லை. 2011 கணக்கில் ஆயிரம் ஆண்களுக்கு 1,015 பெண்கள் இருந்த மாவட்டம் அது. ஆகவே கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கதையைச் சேலத்து அளவுகோலால் அளக்க முடியாது. ஆணோ பெண்ணோ, பிறந்ததே தெரியக் கூடாது என்ற நெருக்கடியில் ஒரு பெண் மாட்டிக்கொண்டால் அவளுடைய பிரச்சினை பூனாவின் பிரச்சினை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவளுக்குச் சட்டம் இன்று என்ன வழி வைத்திருக்கிறது? 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் முளைவிட்டு, 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிளைவிட்ட வழி அது. 35ஆம் பிரிவு. உடல், மன, சமூகக் காரணங்களால், தங்கள் சக்திக்கு மீறிய நிலையில், குழந்தையை வளர்க்க முடியாத பெற்றோர் அதை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். குழுவில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் உண்டு. குழு விசாரிக்கும், ஆலோசனை தரும், அதன் பிறகு ஒப்படைப்புப் பத்திரம் எழுதப்படும். தம்பதிக்குப் பிறந்த குழந்தை என்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். திருமணமாகாத தாய் என்றால் அவர் ஒருவர் கையெழுத்தே போதும். அவர் பத்திரத்தில் கையெழுத்திடும்போது குழுவின் பெண் உறுப்பினர் ஒருவர் மட்டும் உடனிருப்பது நல்லது என்கின்றன தத்தெடுப்பு விதிமுறைகள். அறை நிறைய ஆட்கள் வேண்டாம் என்பதுதான் அதன் பொருள்.

அதன் பிறகு இரண்டு மாதம். அதற்குள் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பக் கேட்கலாம். கேட்காவிட்டால் குழந்தை தத்துக்குச் சட்டப்படி தகுதி பெற்றதாக அறிவிக்கப்படும். பெற்றவர் தம் அடையாளம் வெளிப்படக் கூடாது என்று ஒப்படைக்கும்போதே கேட்டிருந்தால், பதினெட்டு வயதான பிள்ளை பிற்காலத்தில் வேர் தேடி வந்தாலும் அவர் சம்மதமில்லாமல் பெயர் தரப்படாது. குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் என்கிறது 74ஆம் பிரிவு. பழைய 317ஆம் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 93ஆம் பிரிவாக, அதே ஏழு ஆண்டோடு, 2024 ஜூலை முதல் தொடர்கிறது. ஆனால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு ஒரு விலக்கு சேர்த்திருக்கிறது. சக்திக்கு மீறிய காரணத்தால் பெற்றோர் குழந்தையைக் கைவிட்டால் அது வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளப்படாது. அந்தச் சட்டத்தின் தண்டனை அவர்களைத் தொடாது. 1862இல் எழுப்பிய சுவரில் 2015இல்தான் சரியான கதவு பொருத்தினார்கள்.

இங்கே பலரும் தலைகீழாக நம்புகிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெயர் சொல்லாமல் எங்காவது வைத்துவிட்டுப் போவதுதான் ரகசியம், அதிகாரிகள் முன்னால் போய்க் கையெழுத்துப் போட்டால் மானம் போய்விடும் என்பது பொதுவான எண்ணம். நடைமுறை நேர்மாறானது. யார் விட்டது என்று தெரியாத குழந்தை சட்டத்தின் கணக்கில் ‘கைவிடப்பட்ட குழந்தை’. அதன் பெற்றோரைத் தேடியே ஆக வேண்டும். படம் செய்தித்தாளில் விளம்பரமாக வரும், காவல்துறை விசாரிக்கும், கண்டுபிடிக்க முடியவில்லை என்று அறிக்கை தரும். அந்தத் தேடலில் ஊர் ஊராகக் கேள்வி நடக்கும். எந்த வீட்டில் யாருக்கு வயிறு இறங்கியது என்று பேச்சு கிளம்பும். கையெழுத்துப் போட்டு ஒப்படைத்த குழந்தைக்கு இந்தத் தேடல் கிடையாது. விளம்பரமும் இல்லை. தாள் கோப்புக்குள் போய்விடும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

கந்தர்வக்கோட்டைப் பெண் ஒருத்திக்கு அந்தத் தாள் இருக்கும் இடம் புதுக்கோட்டை. குழு மாவட்டத் தலைநகரில்தான் கூடும். 1098க்கு ஒரு போன் செய்தால் ஆள் தேடி வருவார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தால் பேருந்து ஏறவும் தேவையில்லை. ஆனால் அதற்கு முன்பே ஒரு தடை. தமிழ்நாட்டில் கர்ப்பம் என்றால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண் கேட்கிறார்கள். தாய் சேய் மரணத்தைக் குறைத்ததில் இந்தப் பதிவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே பதிவு, மறைக்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பவளை மருத்துவமனைப் பக்கமே வராமல் விரட்டவும் செய்யும். நர்சம்மா உள்ளூர்க்காரர், அவர் வாய் திறக்கமாட்டார் என்று இவள் எப்படி நம்புவாள்? பதினெட்டு வயதுக்கு உட்பட்டவள் என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் சொல்லியே தீர வேண்டும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு வழக்கு ஒன்றில், அப்படிப்பட்ட சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்றது. திருமணமாகாதவர்களுக்கும் 24 வாரம் வரை கருக்கலைப்பு உரிமை உண்டு என்றது அதே தீர்ப்பு. குழந்தையை ஒப்படைப்பதைப் பற்றிய கேள்விக்கு அந்த அளவு தெளிவான வாக்கு இன்னும் வரவில்லை.

சட்டத்தின் ரகசியத்தை நம்பாதவர்கள் வேறு ரகசியத்தை வாங்குகிறார்கள். 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைக்கு விலை பேசும் ஒலிப்பதிவு தமிழ்நாட்டையே உலுக்கியது. ராசிபுரம் இன்று நாமக்கல் மாவட்டம். தொட்டில் திட்டம் தொடங்கிய 1992இல் அது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. இந்தியாவின் முதல் அரசுத் தொட்டில் கட்டிய மண்ணிலேயே, கால் நூற்றாண்டு கழித்து, தரகர் வழி சுலபமாகத் தெரிந்திருக்கிறது. குழந்தையை விற்றாலோ வாங்கினாலோ 81ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவல். மருத்துவமனை ஊழியரே செய்தால் மூன்றுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை. தரகரிடம் பத்திரம் இல்லை, இரண்டு மாத அவகாசமும் இல்லை. தாய்க்கு மனம் மாறினால் போய்க் கேட்க இடமும் கிடையாது.

மற்ற நாடுகளும் இதே கயிற்றின் மேல்தான் நடக்கின்றன. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 1999இல் முதல் சட்டம் இயற்றியது. மருத்துவமனையிலோ தீயணைப்பு நிலையத்திலோ கொடுத்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போகலாம். 2008இல் கடைசியாகச் சேர்ந்த நெப்ராஸ்கா வயது வரம்பை எழுத மறந்தது. சில மாதங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்டார்கள். பதின்வயதினரும் இருந்தார்கள், பிறந்த சிசு ஒன்றுகூட இல்லை. அந்த நவம்பரிலேயே முப்பது நாள் வரம்பு வைத்துத் திருத்தினார்கள். ஜெர்மனி 2014 மே மாதம் நடுவழி ஒன்று கண்டது. தாய் வேறு பெயரில் மருத்துவமனையில் பிரசவிக்கலாம். உண்மைப் பெயர் உறையிலிட்டு முத்திரையோடு அரசிடம் இருக்கும். பிள்ளைக்குப் பதினாறு வயதானதும் அதைப் பார்க்கும் உரிமை வரும். தென்கொரியா 2024 ஜூலையில் இதே போன்ற சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. இந்த இரண்டு சட்டங்களும் குழந்தையை வாங்கிக்கொள்வதோடு நிற்கவில்லை. பிரசவத்தையே ரகசியத்துக்குள் கொண்டுவந்தன. நம் 35ஆம் பிரிவில் இல்லாதது இதுதான். குழந்தை பிறந்த பிறகு தொடங்கும் ரகசியம் நம்முடையது. அந்தப் பெண்ணுக்கு அது தேவைப்படுவதோ ஆறேழு மாதத்துக்கு முன்பே.

பூலே தம்பதியிடம் சட்ட அதிகாரம் இல்லை, மானியம் இல்லை. அவர்கள் செய்து, நாம் இன்னும் முழுதாகச் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது. இடம் எது, என்ன கிடைக்கும், யாருக்குத் தெரியாது என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள். தொட்டில் தெரிந்த அளவுக்கு ஒப்படைப்புப் பத்திரமும் இரண்டு மாத அவகாசமும் தமிழ்நாட்டில் தெரியவில்லை. கந்தர்வக்கோட்டைப் பேருந்து நிலையத்திலும், பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்திலும், கல்லூரி விடுதியிலும், நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் ஒட்ட வேண்டிய தாள் அது. எழுத நான்கு வரி போதும். அச்சிட ஊராட்சிப் பணமே போதும்.

(அடுத்த வாரம்: இரண்டு மாத அவகாசம் முடிந்த பிறகு குழந்தைக்கு என்ன நடக்கிறது? 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் முதல், தத்து ஆணையிடும் அதிகாரம் 2022இல் நீதிமன்றத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாறியதுவரை.)